சோற்றுப் பருக்கையும் ஒட்டிய ஏடும்

மனிதன் கதை சொல்லத் தொடங்கிய நாள்தொட்டு அச்சக் கதையும் அவனோடு நடந்து வந்திருக்கிறது. அதனை அறியாத மொழி இல்லை. அதைக் கேளாத பிள்ளைப் பருவமும் இல்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு என்றும் வகுத்தார். மனிதன் எவற்றைக் கண்டு அஞ்சுகிறான் என்ற வினாவுக்கு இது சாலச் சிறந்த விடையே. ஆயினும் கதை கேட்பவன் முன்னே இந்நான்கில் ஒன்றும் நிற்பதில்லை. விளக்கு எரிகிறது, கதவு தாழிடப்பட்டிருக்கிறது, பக்கத்தில் தாய் அமர்ந்திருக்கிறாள். இருந்தும் அவன் உடல் சிலிர்க்கிறது. இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது?

பேயின் உருவத்திலிருந்து வருகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆகவேதான் திறமை குறைந்த கதாசிரியன் தன் பேய்க்குப் பல்லையும் நகத்தையும் நீட்டிக்கொண்டே போகிறான். உண்மை வேறு. பேய் வருவதற்கு முன்னரே கதைசொல்லி ஊன்றி வைக்கும் ஒரு குறியிலும், அது வருமளவும் அவன் நம்மைக் காக்க வைக்கும் முறையிலுமே அச்சக் கதையின் உயிர் இருக்கிறது. முன்னதை முற்குறிப்பு எனலாம். பின்னதைக் கதையின் நடை எனலாம். இவ்விரண்டையும் அரபு மொழியின் இரவுக் கதைகள் எத்துணைத் தேர்ச்சியோடு கையாண்டன என்பதை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலோரின் தீர்ப்பு

‘அல்ஃபு லைலத்தின் வ லைலா’ என்ற ஆயிரத்தோர் இரவுகளைக் கற்றோர் உலகம் தொடக்கத்தில் மதிக்கவில்லை. பக்தாதில் நூல் வாணிகம் செய்த இப்னு நதீம் ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் தம் பெருநூற்பட்டியலை யாத்தார். அதில் இரவுக் கதைகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கினார். ‘ஹஸார் அஃப்ஸான்’ என்ற பாரசீகக் கதைத் தொகுதியே இக்கதைகளுக்கு மூலம் என்ற செய்தியை நமக்குத் தந்தவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் அந்நூலைப் பலமுறை முழுமையாகக் கண்டதாகக் கூறும் அவரே, அது சுவையற்ற, சூடற்ற நூல் என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார்.

அவருக்கும் ஒரு நூற்றாண்டு முன்னர் வாழ்ந்த பஸ்ராவின் பேரறிஞர் ஜாஹிழ், ‘கிதாபுல் ஹயவான்’ என்ற தம் விலங்கு நூலில், தம் ஆசிரியர் நள்ளாமின் கருத்தொன்றைப் பதிவு செய்துள்ளார். பாலைவன மக்கள் ஜின்னையும் ‘கூல்’ என்னும் பேயையும் கண்டதாகச் சொல்வது ஏன் என்பதற்கு அவர் கூறும் விளக்கம் இன்றைய உளவியலாரையும் வியக்க வைக்கும். வெறிச்சோடிய நிலத்தில் நெடுங்காலம் தனித்திருப்பவனின் மனம் பேதலிக்கிறது; சிறியது அவனுக்குப் பெரியதாகத் தெரிகிறது; இல்லாத ஒலி கேட்கிறது. அவன் அதைப் பாட்டாகவும் கதையாகவும் சொல்ல, பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்கின்றனர். பின்னர் அப்பிள்ளை இருளில் தனியே செல்லும்போது, ஓர் ஆந்தை அலறினாலே போதும். கேட்டவை எல்லாம் கண்முன் வந்து நிற்கின்றன. அச்சம் இவ்வாறு கதை வழியே தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது என்பது நள்ளாமின் கருத்து.

சுவையற்றது என்பது ஒரு குற்றச்சாட்டு. பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும் என்பது மற்றொன்று. இரண்டாவது இன்றும் நம் இல்லங்களில் எழும் கேள்வியே. இரண்டுக்கும் விடை காண வேண்டுமாயின் கதைகளையே எடுத்து ஆராய வேண்டும்.

ஒன்றை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். இப்னு நதீம் கண்ட நூலும் இன்று நம் கையிலுள்ள நூலும் ஒன்றல்ல. ஆயிரம் இரவுகளின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய ஏட்டுத் துண்டு கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டினது. அதனை நபியா அப்பட் என்ற அம்மையார் 1949இல் ஆராய்ந்து வெளியிட்டார். அதில் சில வரிகளே எஞ்சியுள்ளன. கதைகளைச் செம்மையாகத் தாங்கிவரும் மிகப் பழைய கையெழுத்துப் படியோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. சிரியாவில் எழுதப்பட்டு இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் அதனையே முஹ்ஸின் மஹ்தி 1984இல் ஆராய்ச்சிப் பதிப்பாக வெளியிட்டார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இக்கதைகள் கடைத்தெருவிலும் காப்பிக் கடையிலும் வாய்மொழியாய் வழங்கின. கேட்போர் எழுந்து போய்விட்டால் கதைசொல்லிக்கு அன்றைய கூலி இல்லை. சூடற்றிருந்த கதைக்குச் சூடேற்றியது அந்தத் தேவையே எனக் கருதுவது தவறாகாது.

ஆமினாவின் பருக்கை

முதலில் முற்குறிப்பைக் காண்போம். ‘சீதி நுஃமான்’ கதையை நேயர்கள் பலர் அறிந்திருக்கலாம். இது பழைய அரபுப் படிகளில் காணப்படுவதில்லை. ஹலப் நகரத்து ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709இல் பாரிஸ் நகரில் வாய்மொழியாகச் சொன்னது. கேட்டவர் அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர். 1704 முதல் 1717 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய மொழிபெயர்ப்பில் இக்கதை இடம்பெற்றது.

கலீபா ஹாரூன் ரஷீத் மாறுவேடத்தில் நகரைச் சுற்றி வருகையில், ஓர் இளைஞன் தன் பெண்குதிரையை இரக்கமின்றிச் சவுக்கால் அடிப்பதைக் காண்கிறார். வாயில்லாப் பிராணிக்கு இத்தனை கொடுமையா என்று நம் நெஞ்சு பதைக்கிறது. அவனை அழைத்துக் காரணம் கேட்கிறார் கலீபா. அவன் தன் திருமணத்திலிருந்து தொடங்குகிறான்.

மணமான மறுநாள் கணவனும் மனைவியும் உண்ண அமர்கின்றனர். சோறு பரிமாறப்படுகிறது. மனைவி ஆமினா தன் பையிலிருந்து காது குடையும் சிறு கரண்டி ஒன்றை எடுத்து, அதன் நுனியால் ஒவ்வொரு பருக்கையாகக் குத்தி உண்கிறாள். கணவன் வியக்கிறான். நாணமோ, சிக்கனமோ, வேறு வேளையில் உண்டுவிட்டாளோ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். மறுநாளும் அவ்வாறே. அதற்கு அடுத்த நாளும் அவ்வாறே.

இங்கே அச்சத்திற்குரியது என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பேய் இல்லை, இருள் இல்லை, குருதி இல்லை. ஒரு பெண் சோறு உண்கிறாள், அவ்வளவே. ஆயினும் கேட்பவன் நெஞ்சில் ஒரு முள் தைத்துவிட்டது. இவ்வளவு குறைவாக உண்பவள் எப்படி உயிர் வாழ்கிறாள்? கணவன் கேட்க மறந்த இந்த வினாவை நாம் கேட்கத் தொடங்கிவிட்டோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இக்கதையில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை.

ஓர் இரவு அவள் மெல்ல எழுந்து வெளியே செல்கிறாள். கணவன் பின்தொடர்கிறான். நிலவொளியில் அவள் மையவாடிக்குள் நுழைந்து, கூல் ஒன்றுடன் சேர்ந்து, அன்று அடக்கிய மையித்தைத் தோண்டி எடுத்து உண்பதைக் காண்கிறான். கதைசொல்லி இக்காட்சியைச் சில சொற்களில் முடித்துவிடுகிறான். நீட்ட வேண்டிய தேவை அவனுக்கில்லை. நம்மை நடுங்க வைப்பது கபரருகே நிகழ்வது மட்டுமன்று. வீட்டு ஸுஃப்ராவில் நாம் கண்ட அந்தப் பருக்கைக்கு இப்போது பொருள் விளங்கிவிட்டதே, அதுதான். பின்னோக்கிப் பாயும் ஒளிபோல அது அத்தனை நாள் உணவையும் கொடியதாக்கிவிடுகிறது.

நல்ல முற்குறிப்பின் இலக்கணத்தை இதிலிருந்தே வகுக்கலாம். அது அன்றாட வாழ்க்கையில் காணக்கூடிய சிறு செய்தியாக இருத்தல் வேண்டும். அதற்கு வேறொரு எளிய விளக்கமும் பொருந்த வேண்டும். இல்லையேல் கேட்பவன் முடிவை முன்னரே கண்டுபிடித்துவிடுவான். பொருள் விளங்கிய பின்னரோ, அதைத் தவிர வேறு பொருள் இருந்திருக்க முடியாது என்று தோன்ற வேண்டும். தொடக்கத்தில் நாம் இரங்கிய அந்தப் பெண்குதிரை யார் என்பதும் கதையின் இறுதியில்தான் தெரிகிறது. சூனியம் செய்து கணவனை நாயாக மாற்றிய ஆமினாவே அது. கதையின் முதற்காட்சியே அதன் முடிவாக இருந்ததை நாம் கடைசியில் உணர்கிறோம்.

ஹகீம் தூபானின் ஏடு

அடுத்து நடையைக் காண்போம். இதற்கு மீனவனும் ஜின்னும் கதைக்குள் வரும் ஹகீம் தூபானின் கதையைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. முன்னர்க் குறித்த பழைய சிரியப் படியிலேயே, தொடக்க இரவுகளிலேயே இது இடம்பெற்றுள்ளது.

யூனான் என்ற அரசனைத் தோல்நோய் பற்றுகிறது. மருத்துவர் எவராலும் தீரவில்லை. ஹகீம் தூபான் வருகிறார். மருந்தைப் பருகத் தரவில்லை; உடலில் பூசவும் இல்லை. பந்தாடும் வளைகோல் ஒன்றின் பிடியைக் குடைந்து அதனுள் மருந்தை வைத்துக் கொடுக்கிறார். அரசன் குதிரைமேல் ஏறிக் கை வியர்க்கும்வரை ஆடுகிறான். மருந்து உள்ளங்கை வழியே உடலெங்கும் ஊடுருவ, நோய் நீங்குகிறது. அரசன் மகிழ்ந்து ஹகீமுக்குப் பெரும் பரிசளிக்கிறான்.

பொறாமை கொண்ட அமைச்சன் ஒருவன் அரசன் மனத்தில் ஐயத்தை விதைக்கிறான். கையில் பிடித்த ஒரு பொருளால் நோயைப் போக்கத் தெரிந்தவனுக்கு, அதுபோன்ற மற்றொன்றால் உயிரைப் போக்கவும் தெரியாதா என்பது அவன் வாதம். இதுவே கதையின் முற்குறிப்பு. அதை ஊன்றுபவன் ஒரு பொய்யன் என்பதுதான் இதன் அருமை. ஹகீமின் உள்ளத்தில் அப்போது வஞ்சம் ஏதுமில்லை என்பது நமக்குத் தெரியும்.

கதை இங்கே விரைந்து ஓடலாம், ஓடவில்லை. அரசன் ஒரு கதை சொல்லி அமைச்சனை மறுக்கிறான். அமைச்சன் மறுகதை சொல்கிறான். வேட்டைக்குச் சென்ற அரசகுமாரன் ஒருவன் வழிதவறி, இந்திய நாட்டு அரசன் மகள் என்று சொல்லி அழும் ஒரு பெண்ணைக் குதிரையில் ஏற்றிக்கொள்கிறான். பாழடைந்த இடம் ஒன்றில் அவள் இறங்கி உள்ளே செல்கிறாள். நெடுநேரமாகியும் வராததால் அவன் பின்சென்று ஒட்டுக் கேட்கிறான். கொழுத்த இளைஞன் ஒருவனைக் கொண்டு வந்திருப்பதாக அவள் தன் குட்டிகளிடம் சொல்வது காதில் விழுகிறது. அவள் ஒரு பெண் கூல்! அக்குட்டிகளை அவன் பார்ப்பதில்லை. பசியோடு பேசும் குரலைத்தான் கேட்கிறான். ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் அவன் இறைவனிடம் முறையிட்டுத் தப்புகிறான். அவனை அந்த ஆபத்தில் தள்ளியவன் யார்? உடன் சென்ற அமைச்சன். தன்னை ஒத்த ஒருவனின் துரோகத்தைத் தன் வாயாலேயே சொல்கிறான் இந்த அமைச்சன். யூனான் அரசனுக்கு அது உறைக்கவில்லை. நமக்கு உறைக்கிறது. கேட்பவன் அறிந்ததைக் கதைமாந்தன் அறியாதிருப்பதே அச்சத்தின் விளைநிலம்.

அரசன் இசைந்துவிடுகிறான். கொலைத் தண்டனை விதிக்கப்படுகிறது. தம்மை விட்டுவைத்தால் இறைவன் அரசனையும் விட்டுவைப்பான் என்று ஹகீம் மன்றாடுகிறார். நன்மைக்குப் பதிலாக முதலை தந்த கைம்மாறு தமக்குக் கிடைத்ததே என்கிறார். அது என்ன கதை என்று அரசன் கேட்கிறான். இந்த நிலையில் தம்மால் சொல்ல இயலாது என்று மறுத்துவிடுகிறார். கதைகளே நிறைந்த நூலில், சொல்லப்படாத அந்த ஒரு கதைதான் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கதவைக் காட்டிவிட்டுத் திறக்காமலே போய்விடுகிறான் கதைசொல்லி.

இறுதியில் ஹகீம் தம்மிடமுள்ள அரிய ஏடு ஒன்றை அரசனுக்கு அளிக்கிறார். தம் தலை துண்டிக்கப்பட்ட பின் அதைத் திறந்து குறிப்பிட்ட பக்கத்தைப் படித்தால், வெட்டுண்ட தலை பேசும் என்கிறார். தலை வெட்டப்படுகிறது, தட்டில் வைக்கப்படுகிறது, கண் திறந்து, ஏட்டைத் திறக்கச் சொல்கிறது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அரசன் விரலை நாவில் நனைத்து முதல் ஏட்டைப் பிரிக்கிறான். மீண்டும் விரல் நாவுக்குச் செல்கிறது, இரண்டாவது ஏடு. மீண்டும் நாவு, மூன்றாவது. ஆறு ஏடுகள் ஆகியும் எழுத்தொன்றும் காணோம். இன்னும் புரட்டச் சொல்கிறது தலை.

பல நாள் நிகழ்ச்சிகளை ஓரிரு வாக்கியங்களில் தாண்டி வந்த கதை, இங்கே விரலுக்கு விரல், ஏட்டுக்கு ஏடு நின்று நின்று நடக்கிறது. நஞ்சு என்ற சொல் இன்னும் வரவில்லை. ஆனால் வளைகோலை நாம் மறக்கவில்லை. கை வழியே வந்த வாழ்வு கை வழியே போகப் போகிறது என்பதை அரசனுக்கு முன் நாம் உணர்ந்துவிடுகிறோம். நிறுத்து என்று கத்த வேண்டும் போலிருக்கிறது. நம் குரல் அவனுக்கு எட்டாது. அந்தச் சில கணங்களே இக்கதையின் அச்சம். அரசன் விழுவது அதன் முடிவு மட்டுமே.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால் மற்றொன்று புலப்படும். அமைச்சன் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது; மெய்யாக்கியவன் அரசன். நன்மை செய்தவனை ஐயுற்று வாளோங்கியிராவிட்டால் அந்த ஏட்டில் நஞ்சு ஏறியிராது. தொல்காப்பியர் நான்காவதாகச் சொன்ன ‘தம் இறை’ என்ற அச்சம் இதுவே. இங்கே நாம் அஞ்சுவது பேசும் தலைக்கன்று. காதில் ஓதிய சொல்லை நம்பி நன்றி கொல்லும் அதிகாரத்துக்கு.

மேலைநாடுகள் கற்ற பாடம்

கலானின் மொழிபெயர்ப்புக்குப் பின் இக்கதைகள் ஐரோப்பா எங்கும் பரவின. வில்லியம் பெக்போர்டு 1786இல் வெளியான ‘வாத்தெக்’ நாவலுக்கு அப்பாசியக் கலீபா வாஸிக்கின் பெயரையே எடுத்துக்கொண்டார். ‘கூல்’ என்ற அரபுச் சொல் ஆங்கிலச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஒட்டிய ஏட்டு உத்தி அலெக்சாந்தர் தூமாவின் ‘மார்கோ அரசி’ (1845) நாவலிலும், உம்பர்த்தோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ (1980) நாவலிலும் மீண்டும் தலைகாட்டியது.

கதைகளைத் தொடர்ந்து இலக்கணமும் பிறந்தது. ஆன் ராட்கிளிஃப் அம்மையார் எழுதி, அவர் மறைந்த பின் 1826இல் வெளியான கட்டுரை, அச்சத்தையும் அருவருப்பு கலந்த திகிலையும் வேறாகப் பிரித்தது. முன்னது மனத்தை விரித்து விழிக்கச் செய்கிறது. பின்னது சுருக்கி உறையச் செய்கிறது என்பது அவர் கண்ட வேறுபாடு. கதையின் முதல் வாக்கியமே இறுதி விளைவை நோக்கி நடக்க வேண்டும் என 1842இல் எட்கர் ஆலன் போ வற்புறுத்தினார். அமைதியான அன்றாடச் சூழலில் தொடங்கி, தீமையை முதலில் மெல்லத் தலைகாட்ட வைத்து, படிப்படியாக உயர்த்த வேண்டும் என 1924இல் எம்.ஆர். ஜேம்ஸ் எழுதினார்.

டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்கின் கை’ (1902) இவ்விலக்கணத்துக்குத் தக்க இலக்கியம். இந்தியாவில் பணியாற்றிய படைவீரர் ஒருவர் கொண்டுவந்த குரங்கின் கை. மூன்று வரங்கள் தருமாறு அதில் மந்திரம் ஏற்றியவர் ஒரு பக்கீர். வீட்டுக்காரர் இருநூறு பவுன் கேட்கிறார். ஆலையில் இயந்திரத்தில் சிக்கி இறந்த மகனுக்கான இழப்பீடாக அத்தொகை வருகிறது. பெற்ற மனம் பொறுக்காத தாய், மகன் திரும்பி வரவேண்டும் எனக் கேட்கச் செய்கிறாள். இரவில் கதவு தட்டப்படுகிறது. தாய் தாழ்ப்பாளை நீக்கப் போராடுகிறாள். தந்தை இருளில் தரையெங்கும் குரங்கின் கையைத் தேடுகிறார். தட்டும் ஓசை தொடர்கிறது. கடைசி வரம் கேட்கப்பட்டு, கதவு திறக்கும்போது தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. வந்து நின்றது எது என்பதை ஆசிரியர் காட்டவே இல்லை. தொடக்கத்தில் அத்தந்தை சதுரங்கம் ஆடுகையில் தேவையின்றித் தன் அரசனை ஆபத்தில் வைக்கிறார். ஆமினாவின் பருக்கைக்கு அது உடன்பிறப்பு எனலாம்.

நம் இல்லங்களில்

இனி, நள்ளாம் எழுப்பிய தடைக்கு வருவோம். அச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றும் கதை தீங்கானதே என்பதில் ஐயமில்லை. திடீரென்று அலறுவதும், குருதியைக் காட்டுவதும், இருட்டில் பூச்சாண்டி இருக்கிறான் என்று உறங்க வைப்பதும் மனத்தைச் சுருக்கும் வேலைகள். அவற்றில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. இருளைக் கண்டு கூசுவது மட்டுமே மிச்சம். இன்று திரையில் வரும் பேய்ப்படங்கள் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

முற்குறிப்பும் நடையும் அமைந்த கதையோ வேறு வகையானது. சிறு செய்தியையும் கவனிக்க அது பழக்குகிறது. பொறுத்திருக்கக் கற்றுத் தருகிறது. காதில் ஓதுபவன் யார், அவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்கத் தூண்டுகிறது. தூபானின் கதையைக் கேட்ட பிள்ளை வெட்டுண்ட தலையை நினைத்து ஓர் இரவு அஞ்சலாம். நன்றி கொன்ற அரசனை நினைத்து வாழ்நாள் முழுதும் அஞ்சும். அந்த இரண்டாவது அச்சம் விரும்பத்தக்கதே அன்றோ!

‘கிஸ்ஸா’ என்ற அரபுச் சொல்லையே தமிழில் ஓர் இலக்கிய வகையின் பெயராக்கிக் கொண்ட சமுதாயம் நம்முடையது. கதை கேட்கும் மரபு நமக்குப் புதிதன்று. ஷஹரஸாத் தன் உயிரைக் காத்தது வாளாலன்று. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற அறிவால். வீட்டுப் பெரியவர்கள் இக்கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவசரப்பட வேண்டாம். மையவாடிக்கு விரைய வேண்டாம். ஸுஃப்ராவில் சற்று அமர்ந்திருங்கள். ‘ஏன் அவள் ஒவ்வொரு பருக்கையாக உண்டாள்?’ என்று பிள்ளை தானே கேட்கட்டும். விடையை மறுநாள் இரவுக்கு வைத்திருங்கள்.